சொந்த வாழ்வை ஜாமீன் கேட்கும் உத்தியோகம்

ஓர் இளைஞனுக்கு உத்தியோகம் கிடைப்பதும், கிடைத்த உத்தியோகம் நிலைப்பதும், நிலைத்த உத்தியோகத்தில் சம்பளம் உயர்வதும் அவன் செய்யும் வேலையைக் காட்டிலும், அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், கடன் தவணையை எந்தத் தேதியில் கட்டுகிறான், பேஸ்புக்கில் யாரோடு நின்று படம் எடுத்துப் போட்டிருக்கிறான், லிங்க்ட்இன்னில் தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறான் என்பவற்றையே பெரிதும் பொறுத்திருக்கின்றன என்றும், அப்படிப் பொறுத்திருப்பதே நியாயம் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பிரிவுகளில் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் இதை வாரந்தோறும் உபதேசிக்கிறார்கள். மகனோ மகளோ எதையாவது எழுதிப் போட்டுவிட்டால், நாளைக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமே என்று பெற்றோர் நடுங்குகிறார்கள். இந்த அபிப்பிராயத்தின் முற்பாதியை, அதாவது உலகம் அப்படித்தான் நடந்துவருகிறது என்பதை, நான் மறுக்கவில்லை. அது நியாயம் என்னும் பிற்பாதியையே மறுக்கிறேன். நடக்கிறது என்பதனாலேயே நியாயமாகிவிட்டது என்று எண்ணப் பழகிவிட்ட ஒரு சமூகத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே முதற் கடமை என்று கருதுகிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்லிவிட்டு மறுப்பதே முறை. அவர்கள் சொல்வது இது: மனிதனுடைய சுபாவம் கூறுபோட முடியாதது, வீட்டில் ஒழுங்கில்லாதவன் அலுவலகத்திலும் ஒழுங்காக இருக்கமாட்டான், தன் கடனைத் தவணை தவறிக் கட்டுகிறவன் பிறர் கணக்கிலும் தவறுவான், நாலு பேர் பார்க்கும் இடத்தில் வாய்க்கு வந்ததை எழுதுகிறவன் வாடிக்கையாளரிடமும் அப்படியே பேசுவான். முதலாளியோ தன் பணத்தையும் பெயரையும் பணயம் வைத்து ஒருவனை உள்ளே விடுகிறான். உள்ளே விடுமுன் அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க அவனுக்கு உரிமை இல்லையா? அதிலும், யாரும் வற்புறுத்தாமல் தானே முன்வந்து உலகத்தின் முன் போட்டுவைத்ததைப் பார்ப்பதில் என்ன குற்றம்? நல்லவர்கள் பலர் நல்லெண்ணத்தோடேயே இப்படி நம்புகிறார்கள். ஆயினும் இந்த வாதத்தின் ஒவ்வொரு கண்ணியையும் அனுபவத்தின் முன் நிறுத்திப் பார்த்தால், அது தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

அதிகாலையில் எழுவதைப் பற்றிய உபதேசத்தை முதலில் தள்ளிவிடலாம். அது அதிக நேரம் பெறத் தகுந்ததன்று. உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவரின் ஆராய்ச்சிக்குப் பிறகும், எல்லோருடைய உறக்கத்தையும் ஒரே மணியில் கட்டிவைத்து அதற்கு ஒழுக்கத்தின் பெயரைச் சூட்டுவது அறியாமையே. கோயம்பேடு மார்க்கெட்டில் நள்ளிரவு தாண்டியதும் லாரியிலிருந்து மூட்டை இறக்கத் தொடங்கும் தொழிலாளியின் விழிப்பைவிடக் கண்டிப்பான விழிப்பு எந்த நிர்வாக இயக்குநருக்கும் கிடையாது. அவருடைய கூலியை நிர்ணயிப்பது மூட்டைகளின் எண்ணிக்கையும் சங்கத்தின் பலமுமே தவிர, அவர் எழும் நேரம் ஒருபோதும் இல்லை.

சொந்தப் பழக்கங்களைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடும் யோசனை இணையத்தோடு பிறந்ததும் அன்று. இதை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் முழுமூச்சாகச் செய்து பார்த்துவிட்டார். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்கருகே ஹைலண்ட் பார்க் என்ற இடத்தில் மோட்டார்த் தொழிற்சாலை நடத்திய ஹென்றி ஃபோர்டு, 1914-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி, நாளொன்றுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்தார். அதுவரை அங்கே சாதாரணத் தொழிலாளியின் நாட்கூலி 2 டாலர் 34 சென்ட். ஆகவே இந்த அறிவிப்பு உலகத்தையே திகைக்க வைத்தது. வேலை கேட்டு வந்த கூட்டத்தைக் கடுங்குளிரில் தண்ணீரைப் பீய்ச்சிக் கலைக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த 5 டாலரில் ஏறக்குறையப் பாதி, கூலி என்ற பெயரில் வரவில்லை. இலாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அந்தப் பாதியைப் பெற யோக்கியதை உண்டா என்று தீர்மானிக்கும் பொறுப்பு, சமூகவியல் பிரிவு என்று ஃபோர்டு ஏற்படுத்திய ஒரு தனி இலாகாவிடம் இருந்தது.

அந்த இலாகாவின் ஊழியர்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போனார்கள். புலம்பெயர்ந்து வந்து ஆங்கிலம் அறியாத குடும்பங்களிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளரையும் உடன் அழைத்துச் சென்றார்கள். குடிப்பழக்கம் உண்டா, விவாகம் முறையாக நடந்ததா, சேமிப்பு வங்கிப் புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறது, வீடு சுத்தமாக இருக்கிறதா, வாடகைக்கு அந்நியரை உள்ளே தங்கவைத்திருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் எதிர்பார்த்த விதத்தில் வாழாதவனுக்கு இலாபப் பங்கு நிறுத்தப்பட்டது. திருந்துவதற்கு அவகாசம் தரப்பட்டது. அதற்குள் திருந்தாதவன் வேலையையே இழந்தான். ஓர் அறையில் இரண்டு வாடகைக்காரரைத் தங்கவைத்து, அந்தப் பணத்தை ஊரிலிருக்கும் தாய்க்கு அனுப்பும் போலந்துத் தொழிலாளி ஒருவனை நினைத்துப் பாருங்கள்: அவனுடைய சமூகத்தின் அளவுகோலில் அவன் உத்தமமான மகன், இலாகாவின் படிவத்தில் ஒழுக்கக் குறைவுள்ளவன். அவன் காரின் அச்சை எத்தனை சுத்தமாகப் பூட்டினான் என்பதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த ஏற்பாடு எப்படி முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த இலாகாவின் தலைமைப் பொறுப்பை ஏற்றுப் பல ஆண்டு நடத்தியவர் சாமுவேல் மார்க்விஸ் என்ற பாதிரியார். மனிதர்களைச் சீர்திருத்தலாம் என்று மனப்பூர்வமாக நம்பியவர். அவரே 1921-இல் விலகினார். இலாகாவும் அதோடு ஒடுங்கியது. ஊழியரின் அந்தரங்கத்தைத் துருவிப் பார்க்கும் தர்ம காரியத்துக்குத் தொழில் உலகில் இனி இடமில்லை என்னும் கருத்தை 1922-இல் வெளிவந்த தம் நூலில் ஃபோர்டே எழுதினார். பின்னாளில் அதே நிறுவனத்துக்குள் ஒற்றர்களும் அடியாட்களும் புகுந்த கதை வேறு. நான் சுட்டிக்காட்ட விரும்புவது, இந்தப் பரீட்சையை ஆரம்பித்தவரே பகிரங்கமாகக் கைவிட்ட ஒரு கொள்கையை, வீட்டுக்கு ஆள் அனுப்பும் செலவுகூட இல்லாமல் கைப்பேசியின் வழியே நடத்தலாம் என்ற ஒரே காரணத்துக்காக நாம் மறுபடியும் கையில் எடுத்திருக்கிறோம் என்பதையே. ஃபோர்டின் ஆட்கள் கதவைத் தட்டினார்கள். தட்டியவரின் முகத்தைத் தொழிலாளி பார்த்தான். என்ன கேட்டார்கள் என்றாவது அவனுக்குத் தெரிந்தது. இன்று ஒருவனுடைய பக்கத்தை யார் பார்த்தார்கள், எதைப் பார்த்து முகம் சுளித்தார்கள், எதற்காக அவனுடைய விண்ணப்பத்தை ஒதுக்கினார்கள் என்பது அவன் காதுக்கு எட்டுவதே இல்லை.

சரி, பார்ப்பதனால் முதலாளிக்காவது பயன் உண்டா? உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு பார்க்கிறவர்களுடையது. ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது இல்லை என்பதே. வேலை தேடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களின் பேஸ்புக் பக்கங்களை ஆளெடுப்பு அநுபவமுள்ளவர்களிடம் காட்டி மதிப்பிடச் சொல்லி, அம்மாணவர்கள் வேலையில் சேர்ந்த பின் அவர்களுடைய மேலதிகாரிகள் தந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த வான் இடெகிங்கே குழுவினரின் ஆய்வு 2016-இல் ஒரு மேலாண்மை ஆய்விதழில் அச்சாயிற்று. பக்கத்தைப் பார்த்துச் சொன்ன ஆரூடத்துக்கும் வேலையின் தரத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை; காணப்பட்டது வேறொன்று: மதிப்பிட்டவர்கள் தம்மை அறியாமலே வெள்ளையருக்கு அதிகமாகவும் மற்றவர்க்குக் குறைவாகவும் மதிப்பெண் இட்டிருந்தார்கள். அதாவது, திறமையைக் காட்டும் என்று நம்பிக் கையிலெடுத்த கண்ணாடி திறமையைக் காட்டாமல் நிறத்தைக் காட்டியது.

வெளித்தோற்றம் நேர்மைக்குச் சாட்சி என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே நடந்த ஒன்றை நினைவூட்டலாம். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஸ்தாபனத்தின் தலைவராக இருந்த ராமலிங்க ராஜு, ஆம்புலன்ஸ் சேவை முதலிய பொதுக் காரியங்களால் பெரும் புகழ் பெற்றவர். அவருடைய நிறுவனத்துக்கு 2008-இல் நல்லாட்சிக்கான தங்க மயில் விருதே வழங்கப்பட்டது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி, 7,000 கோடி ரூபாய்க்கு மேல் கணக்கில் புனைந்து காட்டியதை அவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 2015-இல் நீதிமன்றம் தண்டித்தது. அவருடைய கீர்த்தியைத் துருவியவர் எவரும் அந்த ஓட்டையைக் கண்டிருக்க முடியாது. கணக்கைத் துருவியிருந்தால் கண்டிருக்கலாம். தோற்றத்தைப் பராமரிக்க வசதி உள்ளவனிடம் தோற்றம் எப்போதும் குற்றமற்றே இருக்கும்.

வசதி இல்லாதவனிடத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் நானே கண்டேன். இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் கெட்டவர் அல்லர். மாணவர்கள் பிழைக்க வேண்டுமே என்ற கவலை அவருடைய குரலில் இருந்தது. ஒவ்வொருவராக எழுப்பி, இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திரையில் போடச் சொல்லி, எதை நீக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மெலிந்த ஒரு பையனின் பக்கம் வந்தது. ஊர்த் திருவிழாவில், தோளில் சிவப்புத் துண்டும் கழுத்தில் பறையுமாக, தகப்பனாரோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருக்கும் படம். இருவர் முகத்திலும் ஒரே மாதிரியான ஆனந்தம். தீயில் காய்ச்சிய தோலின் இறுக்கம்கூடப் படத்தில் தெரிவது போலிருந்தது. பயிற்சியாளர் ஒரு கணம் பேசாமல் நின்றார். பிறகு தணிந்த குரலில், "தம்பி, இது வேணாம்ப்பா, எடுத்துரு" என்றார். பையன், "சரிங்க சார்" என்று சொல்லி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நீக்கினான். ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அவன் கேட்கவுமில்லை, அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

அந்தப் பையனுடைய பெயரில் ஜாதி இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1929 பிப்ரவரியில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அடுத்த இரண்டு தலைமுறைகளுக்குள், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு தன் பெயரை எழுதி முடித்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நிலைபெற்றது. ஜாதி ஒழிந்துவிட்டது என்று சொல்லவரவில்லை. ஆனால் விண்ணப்பத் தாளை எடுத்துப் பார்க்கும் ஓர் அதிகாரிக்கு முதற் பார்வையிலேயே அது தெரியாமற் போயிற்று. அது சாமானியமான லாபம் அன்று. அது எத்தகைய லாபம் என்பதை சுகதேவ் தோராட்டும் பால் ஆட்டுவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகிறது: தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ஒரே விதமான கல்வித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள், உயர்ஜாதி இந்துப் பெயருக்குக் கிடைத்த அழைப்பைவிடத் தலித் பெயருக்குக் குறைவாகவும், முஸ்லிம் பெயருக்கு மேலும் குறைவாகவும் கிடைத்தது. பெயர் ஒன்றே இவ்வளவு செய்யுமானால், திருவிழாப் படமும், குலதெய்வக் கோயிலும், தெருவின் பெயரும், சித்தப்பா போட்ட கல்யாண பேனரும், வாழ்த்துச் சொன்ன நூறு உறவினரின் பெயர்களும் சேர்ந்த ஒரு பக்கம் என்ன செய்யாது? செங்கற்பட்டில் தொடங்கி நாம் தாளிலிருந்து அரும்பாடுபட்டு அழித்ததை, விசாரணை என்ற பெயரில் திரையில் மறுபடியும் எழுதிக் காட்டுகிறோம்.

"அப்படியானால் அவன் அந்தப் படத்தைப் போடாமலே இருந்திருக்கலாமே" என்று சொல்லுகிறவர்கள் தாம் என்ன கேட்கிறோம் என்பதை யோசிப்பதில்லை. கர்நாடக சங்கீதக் கச்சேரியில் தம்புரா மீட்டும் படத்தை எந்தப் பயிற்சியாளரும் நீக்கச் சொல்லமாட்டார். அதைப் பிரதானமாக வைக்கச் சொல்லுவார். இணையத்தில் ஒழுங்காகத் தோன்ற வேண்டும் என்ற உபதேசத்தின் உட்பொருள், ஏற்கெனவே கௌரவம் பெற்றவர்களைப் போலத் தோன்ற வேண்டும் என்பதே.

இனிக் கடன் விஷயத்துக்கு வருகிறேன். ஏனெனில் சொந்தப் பழக்கம் சம்பாத்தியத்தைக் கெடுக்கும் என்னும் கொள்கை சட்டத்தின் கௌரவத்தோடு உலாவுவது அங்கேதான். 2000-இல் நிறுவப்பட்டு, 2005-ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் சிபில், 300 முதல் 900 வரை மனிதர்களுக்கு மதிப்பெண் இடுகிறது. கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று வங்கி தீர்மானிப்பதற்காகப் பிறந்த எண் அது. அந்தக் காரியத்துக்கு அதை உபயோகிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இப்போது அது வேலை கொடுக்கலாமா என்று தீர்மானிக்கவும் உபயோகமாகிறது. 2023-இல் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ்., எழுத்தர் வேலைக்கு வருகிறவர்களிடம் குறைந்தது 650 மதிப்பெண் கேட்டது. அந்த எண் பின்னர் தளர்ந்ததாயினும், கடன் வரலாறு ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரிப் பதவிக்குத் தேர்வாகி நியமன உத்தரவும் பெற்ற ஒருவருடைய நியமனம், சிபில் அறிக்கை பாதகமாக இருந்தது என்று ரத்தாயிற்று. தாம் வாங்கிய கடன்களைத் தீர்த்துவிட்டதாக அவர் வாதித்தும், 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் வங்கியின் முடிவே சரி என்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்கிறவனுக்குப் பண ஒழுக்கம் வேண்டும் என்பதே காரணம்.

நீதிமன்றத்தின் தீர்ப்பை மதிக்கிறேன். விளம்பரத்தில் முன்கூட்டி அறிவித்த நிபந்தனை அது என்பதையும் அறிவேன். ஆனால் அந்த நிபந்தனையின் அடியில் இருக்கும் அநுமானத்தை ஏற்க முடியவில்லை. தவணை தவறுவது வேறு, கையாடுவது வேறு. தவணை தவறியவன் தன்னிடம் பணம் இல்லாததனால் தவறியிருக்கலாம். கையாடுகிறவன் பிறர் பணம் தன் கைக்கு எட்டியதனால் கையாடுகிறான். முன்னது இல்லாமையைக் காட்டுகிறது. பின்னது நேர்மையின்மையைக் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது, ஏழை என்றால் திருடன் என்ற பழைய சந்தேகத்துக்குப் புதிய எண் வடிவம் கொடுப்பதேயாகும்.

அந்த எண் கீழே விழும் விதத்தையும் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். கல்விக் கடன் அதிகமாக வாங்கும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பம், நெசவையோ நிலத்தையோ நம்பியிருக்கும் குடும்பம், மகளை பி.இ. படிக்கவைக்க வங்கியில் கடன் வாங்குகிறது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. அந்த ஓராண்டுக்குள் வேலை கிடைத்துவிட்டால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. கிடைக்காவிட்டால், கிடைத்த வேலை மாதம் 12,000 ரூபாய் தரும் வேலையாக இருந்து, அதில் சென்னை விடுதிக் கட்டணமும் பஸ் செலவும் போய்விட்டால், தவணை தவறுகிறது, வங்கியிலிருந்து போன் வருகிறது, தகப்பனார் சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கி ஒரு தவணை கட்டுகிறார், அடுத்தது நிற்கிறது, சிபில் மதிப்பெண் இறங்குகிறது. கடனைக் கட்டுவதற்காகவே அந்தப் பெண் இரவெல்லாம் படித்து வங்கித் தேர்வு எழுதித் தேறினால், கடனைக் கட்டவில்லை என்பதனாலேயே அந்த வாசல் அவளுக்கு அடைபடும். வேலை இல்லாததனால் கடன் தவறியது. கடன் தவறியதனால் வேலை இல்லை. இந்த வட்டத்துக்குள் எங்கே இருக்கிறது அந்தப் பெண்ணின் பழக்கக்கேடு? ஒழுங்கீனம் என்று இதற்குப் பெயர் சூட்டுகிறவர்கள் தம் வீட்டில் ஒரு மாதச் சம்பளம் வராமற்போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

பகிரங்கமாகப் போட்டதைப் பார்ப்பதில் என்ன தவறு என்ற கேள்வி மிஞ்சுகிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் அரசாங்கத்தைத் திட்டுவதும் பகிரங்கமாகத்தான் நடக்கிறது. பக்கத்தில் இருக்கிறவர் கேட்கிறார், பதில் சொல்கிறார், கிளாஸை வைத்துவிட்டு இருவரும் எழுந்து போகிறார்கள். அந்தப் பேச்சை ஒருவன் எழுதி வைத்துக்கொண்டு, பத்து வருஷம் கழித்து அவருடைய முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், பகிரங்கமாகப் பேசியதுதானே என்று நாம் சமாதானம் சொல்லமாட்டோம், கோள்மூட்டி என்போம். போதாக்குறைக்கு, இணையத்தில் விட்டுவைக்கும் தடயம் நாம் சொன்னதை மட்டும் சொல்வதில்லை. பேஸ்புக்கில் விருப்பம் தெரிவித்து அழுத்திய பொத்தான்களை மட்டும் கொண்டே ஒருவருடைய மதம், அரசியற் சாய்வு, போதைப்பழக்கம் முதலியவற்றைக் கணிசமான துல்லியத்தோடு ஊகிக்கலாம் என்று கோசின்ஸ்கியும் கூட்டாளிகளும் 58,000 பேரின் தகவல்களைக் கொண்டு 2013-இலேயே காட்டினார்கள். ஒரு பாட்டையோ தின்பண்டத்தையோ பிடித்திருக்கிறது என்று தெரிவித்தவன் தன் மதத்தைப் பிரகடனம் செய்ய ஒப்பினான் என்று எப்படிச் சொல்வது?

2017 ஆகஸ்ட் 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2020 ஜனவரியில், ஓர் அரசியல் கூட்டத்துக்குப் போனதற்காகவும் பேஸ்புக்கில் எழுதியதற்காகவும் நடவடிக்கைக்கு ஆளான அரசு ஊழியர் ஒருவருடைய வழக்கில், அரசு ஊழியர் என்பதனால் கருத்துரிமை பறிபோய்விடாது என்று திரிபுரா உயர்நீதிமன்றம் சொன்னதும் ஆறுதல் தந்தது. ஆனால் இவை அரசாங்கத்தின் கையைப் பிடிக்கும் தீர்ப்புகள். தனியார் முதலாளியின் கையை அவை எளிதில் பிடிப்பதில்லை. அதைப் பிடிக்க வேண்டிய சட்டம் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டமோ, ஒருவர் தாமே பகிரங்கப்படுத்திய தகவலுக்குத் தன் பாதுகாப்பு பொருந்தாது என்று மூன்றாம் பிரிவிலேயே விலக்கிவிட்டு, வேலைவாய்ப்பு சம்பந்தமான காரியங்களுக்குச் சம்மதம் கேட்காமலே தகவலைக் கையாளலாம் என்று ஏழாம் பிரிவில் வேறு வழிவிட்டிருக்கிறது. பாதுகாப்பு எங்கே அதிகம் தேவையோ அங்கே இரண்டு கதவுகள் திறந்து கிடக்கின்றன.

இணையத்தில் முகம் காட்டிப் பிழைத்தவர்களை எதிர்த்தரப்பு உதாரணம் காட்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்மாரும் நடத்தும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தாண்டியது. அவர்களுடைய வளர்ச்சி எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்களுக்கு அதுவே தொழில்; வயலில் அடுப்பு மூட்டிப் பெரிய அண்டாவில் சமைப்பதும் அதைப் படம் பிடிப்பதும் அவர்கள் செய்யும் வேலை; அந்த வேலைக்கு வருமானம் வருகிறது. கணக்கு எழுதுகிறவனும், மின்கம்பத்தில் ஏறுகிறவனும், ஆஸ்பத்திரியில் இரவு முழுவதும் கண்விழிக்கும் நர்ஸும் தம் வேலைக்கு மேல் தம்மைத் தாமே விளம்பரமும் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்வது, கூலியில்லாத இரண்டாவது உத்தியோகம் ஒன்றை அவர்கள் தலையில் ஏற்றுவதாகும். எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் எவ்வளவு ரத்தம் சிந்தினார்கள் என்பதை அறிந்தவர்கள், ஒன்பதாவது மணியையும் பத்தாவது மணியையும் புரொஃபைல் பராமரிப்பு என்ற பெயரில் இனாமாகக் கேட்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனிதர்களைத் தேர்ந்தெடுக்கும் வேறு முறை ஒன்று நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. கும்பகோணத்து வாலிபர் ஒருவர், கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றவற்றைக் கவனிக்காமல் உபகாரச் சம்பளத்தை இழந்தார், 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார், அவரைக் காணவில்லை என்ற செய்தி பத்திரிகையிலேயே வந்தது, எஃப்.ஏ. பரீட்சையில் மறுபடி மறுபடி தோற்றார். இன்றைய விசாரணைக்காரர் தேடியிருந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் காணவில்லைச் செய்திதான். 1910-இல் அவர் வேலை கேட்டுத் தம்மிடம் வந்தபோது, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர் விசாரித்தது அவருடைய நோட்டுப் புத்தகத்தை. அவ்வாண்டின் இறுதியில் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போனபோதும், சவரம் செய்யாத முகத்தையும் அத்தனை சுத்தமில்லாத கோலத்தையும் ராவ் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டு, கக்கத்தில் இருந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முதலில் புரியாமல், மறுபடியும் வரவழைத்துப் பார்த்தார். மாதம் 25 ரூபாய் தர முன்வந்தார். 1912 மார்ச் 1-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் குமாஸ்தாவானார். அங்கே தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் மேலதிகாரி நாராயண ஐயரும் பார்த்தது அதே நோட்டுப் புத்தகத்தை. ஸ்ரீனிவாச ராமானுஜன் மேதை, சாதாரண மனிதர்களுக்கு அவர் அளவுகோல் ஆகமாட்டார் என்று சொல்வார்கள். நான் ராமானுஜனை அளவுகோலாக வைக்கவில்லை. ராமச்சந்திர ராவை வைக்கிறேன். முகத்தையும் பார்த்து, அதைத் தாண்டி வேலையையும் பார்க்கும் பொறுமை ஓர் அதிகாரிக்கு இருந்தது; அந்தப் பொறுமைக்கு மேதை தேவையில்லை.

பிற நாடுகள் இதில் நம்மைவிட முன்னே போயிருக்கின்றன. வேலைக்கு வருகிறவரைப் பற்றிய தகவலைப் பிரதானமாக அவரிடமிருந்தே பெற வேண்டும் என்று ஃபின்லாந்து 2004-இலேயே சட்டம் செய்தது. கேட்கும் கேள்வி அந்த வேலையோடு நேரடியான, அவசியமான சம்பந்தம் உடையதாக இருக்க வேண்டும் என்பது பிரெஞ்சுத் தொழிற் சட்டம். வேலைக்கு வருகிறவனிடம் சமூக வலைத்தளத்தின் பாஸ்வேர்டைக் கேட்கும் அக்கிரமத்தை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2012-இல் தடைசெய்தது. நம் நாட்டில் செய்ய வேண்டியவையும் எட்டாத காரியங்கள் அல்ல: தரவுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தந்த விலக்கு, ஆளெடுப்புக்குப் பொருந்தாது என்று ஒரு திருத்தம், விண்ணப்பத்தை எதற்காக நிராகரித்தோம் என்று கேட்டால் எழுத்தில் சொல்ல வேண்டிய கடமை, கல்விக் கடனின் தவணைத் தவறு எந்த வேலைக்கும் தடையாகாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போடும் ஒரு சுற்றறிக்கை.

அப்படியெல்லாம் கட்டுப்படுத்தினால் முன்பின் தெரியாதவனை எப்படி நம்பி வேலையில் வைப்பது என்று முதலாளிகள் கேட்பார்கள். அதற்கான வழி அவர்கள் கையிலேயே வெகுகாலமாக இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகளிலேயே மூன்று மாதத் தகுதிகாண் பருவம் சொல்லப்பட்டிருந்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் அது ஆறு மாதம், அரசுப் பணியில் பெரும்பாலும் இரண்டு வருஷம். அந்தப் பருவம் முழுவதும் அவன் முதலாளியின் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான். நேரத்துக்கு வருகிறானா, கணக்கைச் சரியாக எழுதுகிறானா, வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேசுகிறானா, தவறு செய்தால் மறைக்கிறானா, வந்து சொல்கிறானா என்று நாள்தோறும் பார்க்கலாம். பார்த்ததைச் சம்பளம் கொடுத்தே பார்க்கலாம். திருப்தி இல்லையென்றால் அனுப்பியும் விடலாம். அந்தப் பருவத்தில் மேற்பார்வையாளர் எழுத வேண்டிய மதிப்பீட்டுப் படிவம் எத்தனை அலுவலகங்களில் கடைசி நாளன்று அவசரம் அவசரமாக நிரப்பப்பட்டுக் கையெழுத்தாகிறது என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். பையனின் ஐந்து வருஷத்து இன்ஸ்டாகிராமைப் புரட்ட நேரம் கிடைக்கிற நிர்வாகம், முதலில் அந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்பட்டும்.